காரை பூசாத சுவர்கள்

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், பெனிடார்மிலிருந்து டெனியா வரை, கோடையில் கால் வைக்க இடம் இருக்காது. வானளாவிய விடுதிகள், ஆங்கிலத்தில் பெயர்ப்பலகை மாட்டிய மதுக்கடைகள், மணலே தெரியாதபடி விரித்த குடைகள். அந்தக் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்து உள்ளே போனால், அடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று கார்களைப் பார்த்தாலே அதிகம். சுண்ணாம்புப் பாறை மலைகள், அவற்றுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்குகள், பள்ளத்தாக்குக்கு நாலைந்து சிற்றூர்கள். மரீனா அல்தா என்று வட்டாரத்துக்குப் பெயர். வலென்சியா நகரத்தில் வேலை பார்த்த காலத்தில், குளிர்காலமும் இளவேனிலும் வந்துவிட்டால் வார இறுதிகளில் என்னை அங்கேதான் பார்க்க முடியும்.

கூட்டிப் போனவர் ஒரு எலக்ட்ரீஷியன் நண்பர். அவருடைய அம்மா பிறந்தது காஸ்தெல் தெ காஸ்தெல்ஸ் என்ற மலையூரில். எந்த வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்க வேண்டும், எந்த ஊர்க் குழாயில் தண்ணீர் கல்லைப் போலக் குளிர்ந்திருக்கும், எந்த வீட்டு நாய் துரத்தும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் இல்லாமல் போயிருந்தால் நான் சாலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

பார்சென்ட் என்ற ஊரின் கடைசி வீட்டைத் தாண்டியதும் ராத்தெஸ் கணவாய்க்கான ஏற்றம் தொடங்கிவிடும். ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், சராசரிச் சரிவு ஐந்தரை சதவீதம், உச்சி கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வடக்கே அஸ்தூரியாஸில் உள்ள அங்லிரு மலையில் 20 சதவீதத்தைத் தாண்டிய சரிவுகள் உண்டு. அதோடு ஒப்பிட்டால் ராத்தெஸ் கருணையுள்ள மலை. ஆனாலும் ஐரோப்பாவின் பெரிய சைக்கிள் அணிகளுக்கு இந்த ஏற்றம் நன்றாகப் பழக்கம். டிசம்பர், ஜனவரியில் வடநாடுகள் பனியில் உறைந்து கிடக்கும்போது அவை கல்பே நகரத்துக் கடற்கரை விடுதிகளில் வந்து தங்கி, காலையில் இந்த மலைகளுக்குக் கிளம்பிவிடும். முதலில் டயர்களின் மெல்லிய ரீங்காரம் பின்னாலிருந்து கேட்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரே நிறச் சட்டையில் பத்துப் பதினைந்து பேர், தோள் அசையாமல், தங்களுக்குள் பேசிக்கொண்டே கடந்துபோவார்கள். கடைசியில் வருகிறவர் ஒரு கையை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் பயிற்சி செய்யும் அதே களத்தில், அதே நேரத்தில், யாரும் தடுக்காமல் நாமும் இருக்கலாம் என்பது வேறெந்த விளையாட்டில் வாய்க்கும்?

ஏற்றத்தில் முதல் இரண்டு வளைவுகள் கடினம். மூச்சு ஒரு பக்கம், மிதி ஒரு பக்கம் இழுக்கும். முன்னால் 34 பல், பின்னால் 30 பல் என்று கியரை வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு எழுபது சுற்று என்ற நிதானத்துக்கு வந்ததும் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்திவிடும். அதன்பின் உடம்பைப் பற்றிய நினைப்பு குறையும். வேகம் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்காது. அந்த வேகத்தில் சாலையோரம் இருக்கும் ஒவ்வொரு கல்லும் தன்னைக் காட்டிவிட்டுத்தான் நகரும்.

கல் என்று சொன்னது அந்தச் சுவர்களைத்தான். மலை முழுவதும், அடிவாரத்திலிருந்து கிட்டத்தட்ட உச்சி வரை, படிப்படியாக வெட்டி ஒவ்வொரு படியையும் கல்சுவரால் தாங்கியிருக்கிறார்கள். சில படிகள் ஒரே ஒரு வரிசைப் பாதாம் மரம் நிற்கும் அகலம்தான். சுவரில் சுண்ணாம்பு கிடையாது, சிமெண்ட் கிடையாது, காரையே கிடையாது. ஒருநாள் நண்பர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சரிந்துகிடந்த ஒரு சுவரின் உள்பக்கத்தை எனக்குக் காட்டினார். அடியில் பெரிய கற்கள். மேலே போகப் போகச் சிறியவை. ஒவ்வொரு கல்லும் கீழே உள்ள இரண்டு கற்களின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. முகப்புக் கற்களுக்குப் பின்னால் ஒரு முழம் ஆழத்துக்குச் சல்லி நிரப்பியிருக்கிறது. மழைநீர் அந்தச் சல்லி வழியாக இறங்கி, கல் இடுக்குகளில் கசிந்து வெளியேறிவிடும். காரை பூசியிருந்தால் நீர் உள்ளே தேங்கி, ஈரமண் ஊதி, ஒரே பெருமழையில் சுவர் வெடித்திருக்கும். சுவர் நேராகவும் நிற்கவில்லை, மலைப்பக்கம் ஒரு சாண் சாய்ந்திருந்தது. அவர் ஒரு சிறு ஆப்புக் கல்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. ‘இதை வைத்தவர் செத்து இருநூறு வருஷம் இருக்கும். இன்னும் பிடி விடவில்லை பாருங்கள்’ என்றார். காரையில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஸ்பெயினும் வேறு சில ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து கேட்டு வாங்கிய பெருமை அது.

இவ்வளவு கல்லையும் யார் அடுக்கினார்கள் என்று கேட்டேன். ‘ஆரம்பித்து வைத்தவர்கள் துரத்தப்பட்டவர்கள். தொடர்ந்தவர்கள் பிறகு வந்தவர்கள்’ என்றார். மலையேறும்போது எதையும் நீட்டிப் பேச முடியாது என்பதால் சுருக்கமாகச் சொன்னாரோ, அந்த மண்ணில் அதை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களோ, தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

இந்தப் பள்ளத்தாக்குகளின் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: பெனிஜெம்ப்லா, பெனிமௌரெல், பெனியாலி, பெனிசிவா. எல்லாம் அரபுக் காலத்துப் பெயர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரகான் அரசர் முதலாம் ஜாவ்மே இந்த நிலத்தை வென்ற பிறகும், முஸ்லிம் குடியானவர்கள் மலைகளிலேயே தங்கி உழுது வந்தார்கள். பின்னர் கட்டாயத்தின் பேரில் ஞானஸ்நானம் பெற்றார்கள். மொரிஸ்கோக்கள் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. 1609 செப்டம்பரில் மூன்றாம் ஃபெலிப்பே மன்னரின் ஆணை வலென்சியாவில் முரசறையப்பட்டது: கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு அத்தனை பேரும் கப்பல் ஏற வேண்டும். வலென்சியா நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். டெனியா துறைமுகத்திலிருந்து அல்ஜீரியாவின் ஓரானுக்குக் கப்பல்கள் போயின. ஆணையில் ஒரு ஷரத்து இருந்தது, அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நூறு வீட்டுக்கு ஆறு வீடு வீதம் தங்கிக்கொள்ளலாமாம். வாய்க்கால்களையும் வீடுகளையும் பராமரித்து, புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பதற்காக. போகச் சொன்னவர்களுக்கே தெரிந்திருக்கிறது, இந்த மலையை எப்படிப் பிழைக்க வைப்பது என்பது வேறு யாருக்கும் தெரியாதென்று. பெரும்பாலோர் அந்தச் சலுகையை ஏற்கவில்லை, உறவுகளோடு போனார்கள்.

போக மறுத்தவர்களும் இருந்தார்கள். காஸ்தெல்ஸிலிருந்து பெனிஜெம்ப்லாவுக்கு இறங்கும் சாலையில் இடதுகைப் பக்கம் ஒரு நீண்ட மலைமுகடு கூடவே வரும். கவால் வெர்த், அதாவது பச்சைக் குதிரை மலை. 1609 நவம்பரில் சுற்றுவட்டாரத்து மொரிஸ்கோக்கள் ஆயிரக்கணக்கில் பெண்டு பிள்ளைகளோடு இதன் மேலும் இதற்குப் பின்னால் உள்ள லகுவார் பள்ளத்தாக்கிலும் ஏறி நின்றார்கள். பச்சைக் குதிரையில் ஒரு வீரன் வந்து தங்களைக் காப்பான் என்று அவர்களிடையே ஒரு நம்பிக்கை. வந்தது அரச படை. பெருங்கூட்டம் வெட்டுப்பட்டு மாண்டது. மிச்சமிருந்தவர்கள் அந்த வறண்ட பாறைமேல் தாகம் தாங்காமல் இறங்கிவந்து சரணடைந்தார்கள். இறக்கம் சுகமான இறக்கம், பிரேக்கைத் தொடாமலே நெடுந்தூரம் போகலாம். அந்தக் கதை தெரிந்த பிறகு அந்த இடத்தில் நான் எப்போதும் வேகத்தைக் குறைத்துவிடுவேன். தண்ணீர் போத்தலைக் கையில் எடுத்தால் கண் தானாக முகட்டுக்குப் போய்விடும்.

வெறிச்சோடிய ஊர்களுக்கு ஆட்கள் மயோர்க்கா தீவிலிருந்து வந்தார்கள். ராத்தெஸ் கணவாயைத் தாண்டி இறங்கினால் வரும் தார்பெனாவில் அந்தத் தீவின் பேச்சு வாடை நானூறு வருஷமாகியும் போகவில்லை. தீவின் சமையலும் போகவில்லை. சோப்ரசாதா என்று மிளகாய்ப்பொடி கலந்து சிவக்கச் செய்த பன்றியிறைச்சிப் பதம் அந்த ஊரின் சிறப்பு. சூடான ரொட்டியில் தடவினால் கொழுப்பு உருகி ரொட்டியின் கண்களுக்குள் செம்மஞ்சளாக இறங்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் வலென்சியாப் பக்கத்துச் சைக்கிள் ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. காலை பத்து மணி வாக்கில் அங்கே எல்லோரும் ஒரு வேளை சாப்பிடுவார்கள்: மேஸ்திரி, விவசாயி, தபால்காரர், சைக்கிள்காரர். எஸ்மோர்சார் என்பார்கள். ஊர் மதுக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலி, காகித விரிப்பு. உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு ஆலிவ், ஒரு தட்டு தோலோடு வறுத்த வேர்க்கடலை. பிறகு முழங்கை நீள ரொட்டியைப் பிளந்து, உருளைக்கிழங்கு ஆம்லெட்டோ வறுத்த இறைச்சித் துண்டோ வைத்துக் கொண்டுவருவார்கள். முடிவில் கிரெமாயெத். சின்னக் கண்ணாடிக் குவளையில் ரம், சர்க்கரை, எலுமிச்சைத் தோல், நாலைந்து காப்பிக்கொட்டை போட்டுத் தீ வைப்பார்கள். நீலச் சுடர் ஆடி அடங்கும்வரை யாரும் பேசமாட்டார்கள். அதன் மேல் காப்பியை மெதுவாக விட்டால் இரண்டு நிறம் தனித்தனியாக நிற்கும். ஐம்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்து அதைக் குடிக்கும்போது உடம்பில் ஒவ்வொரு நரம்பும் நன்றி சொல்லும்.

அப்படி ஒரு மதுக்கடையில்தான் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். ‘பாமொந்தெஸுக்கு இது கிடைத்திருந்தால்...’ என்றார். ஃபெதெரிகோ மார்தின் பாமொந்தெஸ், தொலேதோவின் கழுகு. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் பழைய சைக்கிளில் உணவு மூட்டைகளைக் கள்ளச்சந்தைக்குக் கடத்திப் பழகிய கால்கள் அவருடையவை. 1959இல் டூர் தெ பிரான்ஸை வென்ற முதல் ஸ்பானியர். மலையரசர் பட்டத்தை அங்கே ஆறு முறை வாங்கியவர். 1954 பந்தயத்தில் ஒரு மலையுச்சியை எல்லோருக்கும் முன்னால் எட்டிவிட்டு, சக்கரம் பழுதானதால் அணிவண்டி வரும்வரை ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு நின்றவர். 2023இல், தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். பெரியவர் அந்த ஐஸ்கிரீம் கதையை நேரில் பார்த்ததுபோலச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘ஆனால் முதலில் எங்கள் பெர்னார்தோ ருயிஸ்’ என்றார். இந்த மலைகள் இருக்கும் அதே மாகாணத்து ஒரிவேலாக்காரர், 1948இல் ஸ்பெயின் சைக்கிள் பந்தயமான வுவெல்தாவை வென்றவர், 1952 டூரில் மூன்றாமிடம் பெற்று மேடையேறிய முதல் ஸ்பானியர். பசி தெரிந்த ஊர்களிலிருந்து மலையேறிகள் வந்தார்கள் என்பது அந்தப் பெரியவரின் கட்சி. எனக்கும் அதில் மறுப்பில்லை.

எபோ பள்ளத்தாக்கின் ஏற்றம் வேறு மாதிரி. பெகோ நகரத்திலிருந்து தொடங்கி எட்டுக் கிலோமீட்டர். கீழே ஆரஞ்சுத் தோட்டங்கள், அதற்கு அப்பால் சதுப்பு நிலத்தில் நெல்வயல், அதற்கும் அப்பால் கடல். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் காட்சி ஒரு படி கீழே இறங்கும். 2022 ஆகஸ்டில் ஒரு மின்னல் விழுந்து இந்தப் பள்ளத்தாக்கில் பற்றிய தீ, நாள்கணக்கில் அணையாமல் 11,000 ஹெக்டேருக்கு மேல் எரித்துவிட்டது. அடுத்த இளவேனிலில் நாங்கள் போனபோது ஏற்றத்தில் நிழலே இல்லை. கரிக்கட்டையாக நின்ற பைன் மரங்கள், காற்றில் இன்னும் புகைநாற்றம், சக்கரத்தில் சாம்பல் தூசி. புதர்கள் எரிந்துபோனதால் அதுவரை மறைந்திருந்த கல்சுவர்கள் மலை முழுக்க வெளியே தெரிந்தன. இத்தனை இருந்ததா என்று நண்பரே திகைத்து நின்றார். உழுதுகொண்டிருந்தவரை படிகளில் களை நிற்காது, தீ தாவ வழியிருக்காது. ஆட்கள் போன பிறகு பாதாமுக்கும் ஆலிவுக்கும் நடுவே முட்புதர் ஏறியது, அதன் மேல் பைன் ஏறியது, எல்லாம் சேர்ந்து ஒரே விறகுக் கட்டாயிற்று. மின்னல் எந்தக் காலத்திலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. தீயைத் தடுத்து நிறுத்த வயல்தான் இல்லாமல் போயிற்று.

எபோ ஊரில் ஒரு அம்மாள் எங்கள் போத்தல்களை வாங்கித் தானே குழாயில் நிரப்பிக் கொடுத்தார். தீ வந்த இரவு ஊரையே காலி செய்யச் சொன்னார்களாம். ‘எழுந்து போகச் சொன்னால் எதை எடுப்பது தம்பி? கோழிகளைத் திறந்துவிட்டேன், புகைப்படங்களை எடுத்துக்கொண்டேன்’ என்றார். கையில் தூக்க முடிந்ததை மட்டும். அவர் வீடு தப்பிவிட்டது. தோட்டத்துச் செர்ரி மரங்கள் போய்விட்டன.

இந்த ஊர்களைவிட்டு மக்கள் போனது ஒரே தடவையில் நடந்ததல்ல. மயோர்க்காவிலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்ததியினர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறியதும் அல்ஜீரியாவுக்குத்தான். துரத்தப்பட்டவர்கள் இறங்கிய அதே ஓரானுக்கு. டெனியாவைச் செழிக்க வைத்த உலர்திராட்சை வாணிகம் ஃபிலாக்ஸெரா பூச்சியால் திராட்சைக்கொடிகள் பட்டுப்போனதோடு சரிந்தது. பிறகு பார்சலோனா ஆலைகள், பிரான்ஸ், ஜெர்மனி. கடைசியாகக் கூப்பிடு தூரத்திலேயே கடற்கரை விடுதிகள் எழும்பின. பாதாம் பறித்த கைகள் அறை கூட்டப் போயின. ஃபாமோர்கா, ஃபஜேகா, தோயோஸ் என்று காஸ்தெல்ஸுக்கு மேற்கே வரிசையாக வரும் ஊர்களில் தோயோஸில் நூறு பேர்கூட இல்லை. காலையில் ரொட்டி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வரும். செருப்புக் காலோடு நாலைந்து பேர் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். அன்றைக்கு ஊர் கூடுவது அவ்வளவுதான்.

சைக்கிள்காரர்கள் இந்த மலைகளைச் சொர்க்கம் என்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். வண்டி இல்லை, புகை இல்லை, பின்னால் வரும் ஓரிரு ஓட்டுநர்களும் சட்டம் சொல்லும் ஒன்றரை மீட்டர் இடைவெளி கிடைக்கும்வரை பொறுமையாக ஊர்ந்து வருவார்கள். அந்த அமைதி, ஆளில்லாமையால் வந்தது. 1609இல் தொடங்கி நானூறு வருஷமாக யார் யாரோ விட்டுக்கொடுக்க நேர்ந்ததன் மேல்தான் நான் சுகமாக மிதித்துப் போனேன். இதை நினைத்துச் சந்தோஷத்தைக் கைவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தெரியாமல் அனுபவிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

லகுவார் பள்ளத்தாக்கில் காரை பூசிய சுவர் ஒன்றும் உண்டு. ஃபோந்தியெஸ் தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றி ஓடும் மதில், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளம். 1909இல் அங்கே முதல் நோயாளிகள் வந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களின் பயத்தைத் தணிக்கப் பின்னர் அந்த மதிலை எழுப்பினார்கள். உள்ளே ஒரு கிராமமே இருந்தது: தேவாலயம், அரங்கம், தச்சுப்பட்டறை, ரொட்டி அடுப்பு. இன்று அந்த அமைப்பு இந்தியா உட்படப் பல நாடுகளில் தொழுநோய்ப் பணி செய்கிறது. மதில் இடையிடையே சரிந்து கிடக்கிறது. அதே மலைச்சரிவில் காரையில்லாத வயற்சுவர்கள் அதைவிட உறுதியாக நிற்பதை ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றபோது பார்த்தேன்.

கடைசி வருஷங்களில் எங்கள் வழக்கம் ஒன்று மாறியது. சட்டைப்பையில் வாழைப்பழமும் இனிப்புக் கட்டியும் திணித்துக்கொண்டு கிளம்புவதை நண்பர் நிறுத்தச் சொல்லிவிட்டார். எந்த ஊரில் கடை திறந்திருக்கிறதோ அங்கே வாங்கித் தின்ன வேண்டும், ஒரு காப்பியாவது குடிக்க வேண்டும். சில ஊர்களில் மதுக்கடைக் கட்டடம் ஊராட்சிக்குச் சொந்தம். நடத்த ஆள் கிடைக்காவிட்டால் மூடிவிடுவார்கள். மூடினால் முதியவர்களுக்கு உட்கார்ந்து சீட்டாட, மருந்துச் சீட்டைக் கொடுத்து அனுப்ப, முகம் பார்த்துப் பேச வேறு இடம் இல்லை. அப்படி ஒரு கடையை ஒரு இளம்பெண் தன் அம்மாவோடு சேர்ந்து எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். கடற்கரை விடுதி வேலையை விட்டுவிட்டு வந்தவர். வாரநாளில் பத்துச் சாப்பாடு போகும், அதில் ஏழு சைக்கிள்காரர்களுடையது என்றார்.

நாங்கள் கிளம்பும்போது கல்லாவுக்குப் பின்னாலிருந்து கேட்டார், ‘ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா? எத்தனை பேர்?’

‘எட்டுப் பேர். இரண்டு பேர் புதுசு, நிறையச் சாப்பிடுவார்கள்’ என்றார் நண்பர்.

அந்தப் பெண் உள்ளே திரும்பி, ‘அம்மா, ரொட்டிக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து ரொட்டி சேர்த்துச் சொல்லு’ என்று குரல் கொடுத்துவிட்டு, எங்கள் பில்லின் பின்பக்கத்திலேயே அதைக் குறித்துக்கொண்டார்.